சத்தம் போடாத நாலாம் நம்பர் டிரம்

நான் சொல்லப்போவதில் எவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்று எனக்கே சந்தேகம்தான். நிறையப் படிக்கிறவனுக்கு இந்தக் கேடு உண்டு. புத்தகத்தில் வந்த ஆட்களும் தோல் பதனிடும் டேனரியில் பார்த்த ஆட்களும் மண்டைக்குள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்கள் ஃபிட்டர் மேஸ்திரி கோவிந்தசாமி மரணத்தைப் பற்றி ஒருமுறை அருமையாக ஏதோ சொன்னார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பழைய நாவலைப் புரட்டும்போது அது அங்கே கிடந்தது. கோவிந்தசாமி மரணத்தைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. போனஸைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் நாலாம் நம்பர் டிரம்மைப் பற்றி அவர் சொன்ன வாக்கியம் அவருடையதேதான். அதை எழுத எந்த எழுத்தாளனுக்கும் துணிச்சல் வராது.

டேனரி பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நான் அங்கே ஸ்டோர் கீப்பர். பெயர் டேனியல். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, "ஸ்டோரு" என்பார்கள். பேரிங், போல்ட்டு, கிரீஸ் டப்பா இவற்றுக்கு நடுவே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். பேச்சு கம்மி என்பதால் சிலர் என்னை அறிவாளி என்றும் சிலர் மந்தம் என்றும் நினைத்தார்கள். இரண்டு தரப்பும் என்னைத் தொந்தரவு செய்யாததால் நான் எதையும் திருத்தவில்லை.

ஷெட்டுக்குள் பத்து மர டிரம்கள் இருந்தன. ஒவ்வொன்றும் படுக்கவைத்த பீப்பாய் மாதிரி. ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு. உள்ளே தோலையும் மருந்துத் தண்ணீரையும் அடைத்துவிட்டால் டிரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். தோல் மேலே ஏறும், தொப்பென்று விழும், மறுபடி ஏறும். ஒரு பகல் முழுக்க அதற்கு வேறு வேலை இல்லை. டிரம்மின் வயிற்றைச் சுற்றி வார்ப்பிரும்பில் ஒரு பெரிய பல்வளையம் பூட்டியிருக்கும். மோட்டாரிலிருந்து வரும் சின்னப் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு சுற்றும்.

மரம் தண்ணீர் குடித்தால் உப்பும். லீவு நாளில் காய்ந்தால் சுருங்கும். இரும்புக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆகவே வளையம் கோணும், பல் ஒன்றோடொன்று முட்டும், ஒருநாள் டமாரென்று உடையும். உடைந்தால் டேனரி களைகட்டும். கோவிந்தசாமி பனியனோடு மேலே ஏறுவார். கீழே நாலு பேர் அண்ணாந்து பார்ப்பார்கள். டீ வரும். கோயம்புத்தூரிலிருந்து புது வளையத் துண்டு வரும்வரை ஆளாளுக்குக் கருத்து சொல்வார்கள். உடைந்த பல்லை வைத்துத்தான் அங்கே யார் பெரியவர், யார் சின்னவர் என்பதே முடிவாகிக்கொண்டிருந்தது. பல் உடையாத வாரத்தில் கோவிந்தசாமிக்கு முகம் வாடிவிடும்.

முதலாளி ஹயாத் பாஷாவுக்கு இன்னொரு பெருமை இருந்தது: காது. ஷெட்டுக்கு எதிரே அவருடைய ஆபீஸ் அறை. மதியத் தொழுகை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே, "ஆறு நின்னுடுச்சி பாரு" என்பார். ஆள் ஓடும். ஆறாம் நம்பர் டிரம் நின்றிருக்கும். "வெளிநாட்டுக்காரன் கம்ப்யூட்டர் வெச்சி பாக்கறான். எனக்கு அல்லா ரெண்டு காது குடுத்தான், போதும்" என்பார். வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் இந்த வித்தையைச் செய்து காட்டுவார். ஆம்பூர் பிரியாணிக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை.

இந்த இடத்துக்குத்தான் பூங்குழலி வந்து சேர்ந்தாள். வேலூர் சத்துவாச்சாரிப் பெண். மெக்கானிக்கல் படித்துவிட்டு, வீட்டில் பேங்க் பரீட்சை எழுதச் சொன்னதை இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இங்கே டிரெயினி என்ற பெயரில் நுழைந்தவள். பயிற்சிக்காலம் முடியும்போது வேலை நிரந்தரமாகும், அல்லது வீட்டுக்குப் போய்ப் பேங்க் புத்தகத்தைத் திறக்க வேண்டும். இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. கோவிந்தசாமிதான் எல்லாரிடமும் சொன்னார்.

அவள் முதல் மாதம் எதுவும் செய்யவில்லை. உடைந்த பற்களை என் ஸ்டோரிலிருந்து வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஒருநாள் ஷெட்டின் காலி மூலையில், தோல் விரிக்கும் தரையில், கயிற்றைக் கட்டிச் சாக்குக்கட்டியால் ஒரு பெரிய வட்டத்தை வரைந்தாள். டிரம் என்ன அளவோ அதே அளவு. அதன் மேல் சின்னச் சின்ன வட்டங்கள்.

"இன்னா மேடம், மார்கழி வந்துடுச்சா?" என்றார் கோவிந்தசாமி. "பூசணிப்பூ நான் கொண்டாரட்டா?"

"கொண்டாங்கண்ணா. நடுவுல வெச்சிட்டு நீங்களும் ஒரு ஓரமா நில்லுங்க, சென்டர் பாயின்ட் அடிக்க ஆள் வேணும்."

அவள் யோசனை இதுதான். பல்வளையமே வேண்டாம். இரண்டு தட்டை வளையங்கள், நடுவே வரிசையாக இரும்புப் பின்கள். ஏணியை வளைத்து டிரம்மைச் சுற்றிக் கட்டியது மாதிரி இருக்கும். ஒவ்வொரு பின்னிலும் ஒரு குழாய்த் துண்டு தளர்வாக மாட்டியிருக்கும், அதுதான் ரோலர். சின்னப் பல்சக்கரம் இருந்த இடத்தில், பள்ளம் பள்ளமாக வெட்டிய தடித்த சக்கரம் ஒன்று. அது சுற்றும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு ரோலர் வந்து உட்காரும், தள்ளப்படும், எழுந்து போகும். பல்லோடு பல் உரசும்போதுதான் தேய்மானம். இங்கே உரசல் வந்தால் ரோலர் உருண்டுவிடும். மரம் உப்பினாலும் சுருங்கினாலும் பள்ளத்தில் கொஞ்சம் இடம் இருப்பதால் பொறுத்துக்கொள்ளும். ஒரு பின் வளைந்தாலும் அதை மட்டும் தட்டி எடுத்துவிட்டு வேறு போடலாம். கோயம்புத்தூருக்குப் போன் செய்ய வேண்டாம்.

"ஸ்பீடா ஓடுமா?" கோவிந்தசாமி கேட்டார்.

"ஓடாதுண்ணா. ஸ்பீடு ஏறினா ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு குலுக்கல் வரும், அடிச்சிக்கும். மெதுவா சுத்தறதுக்கு மட்டும்தான் இது."

"ஓடாத வண்டிக்கு எதுக்கு டிசைனு?"

"டிரம்மு எதுக்குண்ணா ஸ்பீடா ஓடணும்? ராட்டினமா? தோலு கத்தப்போவுதா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கோவிந்தசாமியும் சிரித்தார். ஆனால் அவர் அன்றைக்கே அவளைப் பிடிக்காதவராக ஆகிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் பிளைவுட்டில் ஒரு சக்கரம் வெட்டினாள். தவறாக வந்தது. ரோலர் பள்ளத்துக்குள் நுழையும் முன்பே பள்ளத்தின் தோளில் முட்டியது. அவள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாக்குக்கட்டிக் கோட்டின் மேல் காலிப் பலகை ஒன்றை வைத்து, இம்மி இம்மியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ரோலர் எங்கே வருகிறது என்று அதன் மேல் வட்டம் போட்டாள். பலகை முழுக்க வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி மொய்த்தன. பிறகு அந்த வட்டங்கள் தொட்ட இடத்தையெல்லாம் வெட்டி எறிந்தாள். ரோலர் போகும் வழியை விட்டுவிட்டு மிச்சம் இருந்ததுதான் சக்கரம். நான் ஸ்டோர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தவன் எந்த வழியாகப் போவான் என்று முதலில் கேட்டுவிட்டுத் தன் உருவத்தைத் தீர்மானித்துக்கொள்ளும் ஒரு பொருளை அந்த டேனரியில் நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆட்களில் கேட்கவே வேண்டாம்.

ஹயாத் பாஷா சம்மதித்தார். அவருடைய அக்கா மகன் தபரேஸ் சென்னையில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்திருந்தான்; "இன்னோவேஷன் மாமு, தோல் வாங்கற பையருங்க கேப்பாங்க" என்று அவன் சொன்னதுதான் காரணம். நாலாம் நம்பர் டிரம் அப்போது பல் உடைந்து சும்மா கிடந்தது.

"சரிம்மா, நாலுல போட்டுப் பாரு" என்றார் பாஷா. "பக்ரீத் தோல் வரும். வந்து தீர்ற வரிக்கும், தோல் ஏத்தி இறக்கறப்ப தவிர, நடுவுல ஒரு தடவ கூட நிக்கக் கூடாது. நிக்கலன்னா பத்து டிரம்முக்கும் உன் ஐட்டம்தான், மெயின்டனன்ஸும் நீதான். நின்னுடுச்சின்னா..." கையை விரித்தார்.

"நிக்காது பாய்" என்றாள் பூங்குழலி.

கோவிந்தசாமி என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

நாலாம் நம்பர் ஓட ஆரம்பித்தது. மற்ற ஒன்பதும் கடகடவென்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, இது மட்டும் சும்மா சுற்றியது. பக்கத்தில் போய் நின்றால் உள்ளே தோல் விழும் சத்தமும், ரோலர்கள் பள்ளத்தில் உட்காரும்போது நாக்கு மேலண்ணத்தில் படுவது போன்ற மெல்லிய ஓசையும் கேட்கும். பத்தடி தள்ளி வந்தால் அதுவும் இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்துப்போய், மதியச் சாப்பாட்டை அங்கே கொண்டுபோய்ச் சாப்பிட ஆரம்பித்தேன்.

நாலைந்து நாள் போயிருக்கும். மதியம் பாஷாவின் அறையிலிருந்து குரல் வந்தது: "நாலு நின்னுடுச்சி பாரு!"

கோவிந்தசாமி வந்தார். டிரம் அவர் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நேராகப் போய் சிவப்புப் பொத்தானில் கையை வைத்தார். பூங்குழலி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணா! ஓடுதேண்ணா!"

"ஓடுதுதான். யாரு இல்லன்னா? பாய் நின்னுடுச்சின்றாரு."

"அதுக்கு?"

"அதுக்கு இன்னா அதுக்கு? ரெண்டு நிமிசம் நிறுத்திட்டு, 'ஆமா பாய், ரெடி பண்ணிட்டேன்'னு சொல்லிட்டு வருவேன். எப்பவும் அப்படித்தான்."

இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வழக்கம் எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். பத்து டிரம்மில் ஏதாவது ஒன்று எப்படியும் நின்றுகொண்டிருக்கும் என்பதால் பாஷாவின் காது பாதி நாள் தானாகவே சரியாக இருந்தது. மீதி நாள்களில் கோவிந்தசாமி அதைச் சரியாக்கினார். பாஷா எந்த எண்ணைச் சொல்கிறாரோ அந்த டிரம்மை ஓடிப்போய் நிறுத்திவிடுவார். பார்க்க வரும் ஆள் திரும்பிப்போய் "ஆமா பாய்" என்பான். இப்படி ஒரு மனிதரின் காதை ஷெட்டே சேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாஷாவுக்குச் சந்தோஷம். கோவிந்தசாமிக்கு வேலை தெரிந்தவர் என்ற பெயர்.

"ஓடற டிரம்ம நிறுத்தினா என் டெஸ்ட்டு போச்சிண்ணா. நடுவுல நிக்கக் கூடாதுன்னு அவருதான சொன்னாரு?" என்றாள் பூங்குழலி.

"அவருதான் நின்னுடுச்சின்னும் சொல்றாரு."

"ஓடுதுன்னு போய் சொல்லுங்க."

கோவிந்தசாமி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"பாப்பா, பாய் நின்னுடுச்சின்னு சொன்னப்புறமும் ஒரு டிரம்மு ஓடுதுன்னா, அது டிரம்மு மேல தப்பு."

அவள் கையை விடவில்லை. கடைசியில் அவர் போய், "ஓடுது பாய்" என்று சொன்னார். பல வருடங்களில் அந்த அறைக்குள் அந்தச் சொற்கள் நுழைந்தது அதுவே முதல்முறை. உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. நான் மௌனங்களை ரசிக்கிறவன். அந்த மௌனத்தை ரசிக்க முடியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் அதே கதை. மூன்றாம் நாள் பாஷா அவளைக் கூப்பிட்டார். நான் பேரிங் கேட்லாக் கொடுக்கப் போனவன், வாசலில் நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா மிஷின் பண்ணிக்கீற? உயிரு கீதா இல்லியான்னே தெரியல. மிஷின்னா சத்தம் வர்ணும்."

"சத்தம் வராதது நல்லதுதான பாய்? தேய்மானம் கம்மின்னு அர்த்தம்."

"உனுக்கு நல்லது. எனுக்கு பேஜாரா கீது. தூக்கம் வர்ல. சத்தம் போடு."

"பாய், சத்தம்ன்றது தனியா போடற ஐட்டம் இல்ல..."

"நீ இன்ஜினியர்தான? போடு."

அன்று மாலை அவள் ஸ்டோருக்கு வந்து மெல்லிய இரும்புத் தகடு ஒன்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தைத் திருப்பவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இடையே நடந்த மிக நீண்ட உரையாடல் அதுதான்.

மறுநாள் நாலாம் நம்பரில், சைக்கிள் சக்கரக் கம்பியில் பிள்ளைகள் அட்டை செருகுவார்களே, அந்த மாதிரி ஒரு தகடு பொருத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு பின்னும் அதைத் தட்டிவிட்டுப் போகும். டக், டக், டக். டிரம்முக்கு அதனால் எந்தப் பிரயோசனமும் இல்லை. கோவிந்தசாமி அதற்குக் கிலுகிலுப்பை என்று பெயர் வைத்தார்.

பாஷா அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். தகட்டின் முன்னால் நின்று தலையை ஆட்டினார். "இப்பதான் மிஷின் மாதிரி கீது. பாரு, படிச்ச பொண்ணு, சொன்னா புரிஞ்சிக்குது." அன்று மதியம் அவர் குறட்டை ஷெட்டு வரைக்கும் கேட்டது.

பக்ரீத் வந்தது. மறுநாளிலிருந்து லாரி லாரியாக உப்புப் போட்ட ஆட்டுத்தோல். ஷெட்டில் மூக்கை மூடாமல் நடக்க முடியாது. மற்ற டிரம்கள் தங்கள் வழக்கப்படி பல்லை உதிர்த்தன. ஏழு நின்றது, இரண்டு நின்றது, ஒன்பதில் வளையமே விரிசல் விட்டது. கோவிந்தசாமி பனியனோடு மேலேயே குடியிருந்தார். நாலாம் நம்பர் நிற்கவில்லை. ஏற்றினார்கள், ஓடியது, இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். லோடு குறைந்துகொண்டே வந்தது. கடைசித் தோல்கள் நாலில்தான் ஏறின. மருந்து முழுக்க ஏறி அவை நீலமாகி வெளியே வந்துவிட்டால் பூங்குழலி ஜெயித்துவிடுவாள். அவள் அன்று காலை கிரீஸ் டப்பாவோடு என்னைக் கடந்து போகும்போது, "நாளைக்கு மக்கன் பேடா வாங்கித் தர்றேன் சார், ஆற்காட்டுலேர்ந்து" என்றாள். நான் தலையாட்டினேன்.

அந்த நாள் பார்த்துத்தான் வாங்கும் கம்பெனியிலிருந்து வெள்ளைக்கார அம்மா ஒருத்தி இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தாள். தொழிலாளர் காதுக்கு ஆபத்தில்லாத அளவு சத்தம்தான் இருக்கிறதா என்று பார்க்க, கையில் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தாள். பாஷா அவளை அறையில் உட்காரவைத்து டீ கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், தபரேஸ் முன்கூட்டியே ஷெட்டுக்குள் வந்தான். கையில் ஸ்பேனர்.

"இந்தத் தகடு வேற டக்கு டக்குன்னுட்டு" என்றான் பூங்குழலியிடம். "அவங்க வர்றப்ப ஒரு டிரம்மாவது சைலன்ட்டா இருக்கணும். அதான் நம்ம ஹைலைட்டு."

"பாய்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"மாமுவுக்கு நான் சொல்லிக்கறேன்."

தகட்டைக் கழற்றிக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். மாமாவுக்குச் சொல்லப் போகவில்லை. வாசலில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தான்.

அறையில் பாஷா தன் வித்தையைத் தொடங்கியிருந்தார். அது எனக்குப் பிறகு டீ கொண்டுபோனவன் சொல்லித் தெரியும். கண்ணை மூடினாராம். ஒரு விரலை உயர்த்தினாராம். "நம்பர் ஃபோர். ஸ்டாப்" என்றாராம் அந்த அம்மாவிடம். பிறகு, தன் ஆட்கள் எவ்வளவு வேகமானவர்கள் என்று காட்டப் போனை எடுத்தார்.

கோவிந்தசாமியின் போன் ஒலித்தபோது நான் அவருக்கு போல்ட்டு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாஷாவின் குரல் வெளியிலேயே கேட்டது. "நாலு நின்னுடுச்சி. உள்ள மருந்துல தோல் கீது. ஊறிக் கெடக்க வுடாத. கதவத் தொறந்து எல்லாத்தையும் வெளிய இழு, தொட்டில போட்டு கலக்கு. ஜல்தி. மேடத்த கூட்டினு வர்றேன்."

பாதி மருந்தேறிய தோலோடு டிரம் நின்றுபோனால் செய்ய வேண்டியது அதுதான். இல்லாவிட்டால் தோல் திட்டுத் திட்டாகப் போய்விடும். உத்தரவில் ஒரு பிழையும் கிடையாது, டிரம் ஓடிக்கொண்டிருந்தது என்பதைத் தவிர.

"அண்ணா வேணாம்" என்றாள் பூங்குழலி. இந்த முறை கையை எட்டிப் பிடிக்க முடியவில்லை. நடுவில் நாலு ஆட்கள் கொக்கிக் கம்போடு வந்துவிட்டார்கள். "இன்னும் கொஞ்ச நேரம்தாண்ணா, லாஸ்ட்டு லோடுண்ணா!"

"வெள்ளக்காரி வர்றாம்மா. பாய் மானம் போயிடும்" என்றார் கோவிந்தசாமி. சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

ஓடிக்கொண்டிருந்த டிரம்மை, நின்றுவிட்டது என்பதற்காக நிறுத்தினார்கள். கதவைத் திறந்து தோல்களைக் கொக்கியால் இழுத்துத் தரையில் கொட்டினார்கள். வெளிப்பக்கம் நீலம், நடுவில் வெள்ளை. பாதி வெந்த சோறு மாதிரி கிடந்தன.

பாஷா அந்த அம்மாவோடு வந்தார். நின்றிருந்த டிரம்மைக் கைகாட்டினார். தன் காதைத் தொட்டுக் காட்டினார். அவள் வியந்து, "அமேசிங்" என்றாள். பிறகு ஏன் நின்றது என்று கேட்டாள்.

"நியூ மெஷின். கேர்ள் எக்ஸ்பெரிமென்ட்" என்றார் பாஷா பெருந்தன்மையாக.

"அது நிக்கல பாய்" என்றாள் பூங்குழலி. குரல் சத்தமாகத்தான் வந்தது. "ஓடிட்டிருந்துச்சி. நீங்க சொன்னீங்கன்னு அண்ணா நிறுத்தினாரு."

பாஷா திரும்பினார். "கோவிந்தசாமி. ஓடிச்சா?"

கோவிந்தசாமி தரையில் கிடந்த தோலை மிகக் கவனமாகப் பார்த்தார். கம்பு வைத்திருந்த நாலு பேரும் அதே தோலைப் பார்த்தார்கள். வேறு எந்தத் தோலும் தன் வாழ்நாளில் அத்தனை கவனிப்பைப் பெற்றிருக்காது.

"என் காதுல சத்தம் வர்ல. அப்ப என் காது பொய் சொல்லுதா?"

தபரேஸ் செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். நான் பேசினேன். நான் பேசியதில் எல்லாரையும்விட எனக்குத்தான் அதிகத் திகைப்பு.

"தகடு தபரேஸ் சார் பாக்கெட்ல இருக்கு பாய்."

பாஷா மருமகனிடம் கையை நீட்டினார். தபரேஸ் தகட்டை எடுத்துக் கொடுத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மை ஒரு கணம் வந்து நின்றது என்று நினைக்கிறேன். உட்கார இடம் கிடைக்காமல் போய்விட்டது.

"அப்ப," என்றார் மெதுவாக, "இத்த கழட்டினா நின்னுப்பூடற மிஷினா இது? ஒரு தகடு இல்லன்னா ஓடாதா? இத்த நம்பியா பத்து டிரம்மையும் தர இருந்தேன்?"

பூங்குழலி அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு. நேராகப் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். தகடு இல்லாத, தோல் இல்லாத நாலாம் நம்பர் டிரம் எல்லார் கண்ணெதிரிலும் சுற்றத் தொடங்கியது. ரோலர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளத்தில் வந்து உட்கார்ந்து எழுந்து போயின. வெள்ளைக்கார அம்மா கருவியை நீட்டிப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, ஏதோ குறித்துக்கொண்டாள்.

பாஷாவும் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடுவதை அவர் கண் பார்த்தது. ஆனால் கண் அவருக்குப் பெருமை தேடித் தந்த உறுப்பு அல்ல.

"நிறுத்து" என்றார். "நடுவுல நின்னுச்சா இல்லியா? நின்னுச்சி. பேச்சு பேச்சுதான்."

பூங்குழலி பொத்தானை அழுத்தவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, நெடுஞ்சாலைக்கு நடந்து போனாள். டிரம் அவள் போன பிறகும் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் வராததால் நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் நினைவு வரவில்லை.

நாலாம் நம்பருக்குக் கோயம்புத்தூரிலிருந்து புதுப் பல்வளையம் வந்தது. அடுத்த மழைக்காலத்திலேயே பல் உடைந்தது, பிறகும் உடைந்திருக்கிறது. கோவிந்தசாமி சால்வை போர்த்தப்பட்டு ரிட்டயர் ஆனார். இப்போது ஆம்பூரில் மகளோடு இருக்கிறார், பல் உடைந்தால் கன்சல்டன்ட் என்ற பெயரில் வருகிறார். அந்த அம்மா எழுதிய ரிப்போர்ட்டில் சத்தம் குறைந்த டிரம் ஒன்றைப் பாராட்டியிருந்தாள். தபரேஸ் அதை வைத்து 'அமைதியான டேனரி' என்று ஓட்டல்களில் நடக்கும் கூட்டங்களில் பேசுகிறான். படத்தில் காட்டுவது நாலாம் நம்பர்தான், பின்களோடு. பூங்குழலி ஆற்காட்டில் கான்கிரீட் கலக்கும் மிஷின் செய்யும் பட்டறை ஒன்றில் டிசைன் பார்க்கிறாள். அவளுடைய பின்னும் ரோலரும் அங்கே ஓடுகின்றன. ஜல்லி போடும் சத்தத்தில் அவை சத்தம் போடுகின்றனவா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. மக்கன் பேடா ஒருமுறை அனுப்பியிருந்தாள்.

ஹயாத் பாஷாவை வீட்டில் வேலூருக்கு அழைத்துப்போய்க் காது டாக்டரிடம் காட்டினார்கள். இரண்டு காதும் பல வருடமாகவே முக்கால்வாசி போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இப்போது காதில் மிஷின் வைத்திருக்கிறார். டேனரிக்கு வரும்போது கழற்றிவிடுகிறார்; சத்தம் ஜாஸ்தியாக இருக்கிறதாம். மதியம் நாற்காலியில் சாய்ந்து எண்ணைச் சொல்கிறார். புது மேஸ்திரி ஓடிப்போய் அந்த டிரம்மை நிறுத்துகிறான்.

நான் ஸ்டோரில்தான் இருக்கிறேன். அன்றைக்குப் பேசியதால் என்னை வாயாடி என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள்.